கியாந்தியா, லாங்கேயா, புரொசெக்கோ மலைகளா? திராட்சை மலைகளில் கிராவல் சைக்கிள் ஓட்ட எங்கே போகலாம்

ஒரு வாரம் லீவு இருக்கிறது. இத்தாலி என்று முடிவாகிவிட்டது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மண்சாலையில் கிராவல் சைக்கிள், அதாவது சரளை மண்ணுக்கென்று தடித்த டயர் போட்ட சைக்கிள், ஓட்ட வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் போவது? ஐரோப்பாவில் சைக்கிள் ஓட்டும் நம் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். போன மாதம் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் ஒரு தம்பதி கேட்டார்கள். கணவருக்குச் சைக்கிளில் மலை ஏறுவது என்றால் உயிர். அவர் மனைவி சைக்கிள் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. மூன்று இடங்களின் படங்களையும் பார்த்துப் பார்த்துக் குழம்பிப் போயிருந்தார்கள். படத்தில் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: பச்சை மலை, வரிசை வரிசையாகக் கொடி, உச்சியில் ஒரு தேவாலயக் கோபுரம்.

மூன்றிலும் நான் ஓட்டியிருக்கிறேன். தோஸ்கானாவில் (டஸ்கனி) கியாந்திக்கும் அதன் தெற்குப் பகுதிக்கும் மூன்று முறை, பியெமொந்தேயில் லாங்கேக்கு இரண்டு முறை, வெனெத்தோவில் புரொசெக்கோ மலைகளுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். காட்சி எங்கே போனாலும் கிடைக்கிறது. பயணம் நன்றாக அமைவதையும் கெடுவதையும் தீர்மானிப்பது மண்தான். அதனால் நான் முதலில் மண்ணைப் பற்றித்தான் கேட்பேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: அங்கே உண்மையிலேயே எவ்வளவு மண்சாலை இருக்கிறது? "கிராவல் பாதை" என்று பெயர் போட்ட பல பாதைகளில் முக்கால்வாசி தார்ச்சாலைதான். அது குறை என்று சொல்லவில்லை. ஆனால் தெரிந்துகொண்டு போனால் டயர் தேர்வே மாறும்.

இரண்டாவது, ஏற்றம் எப்படிப்பட்டது என்பது. நாள் முழுக்க 1,500 மீட்டர் ஏறினோம் என்ற கணக்கு மட்டும் எதையும் சொல்லாது. அந்த 1,500 மீட்டர் 5, 6 சதவீதச் சரிவில் நீளமாக வந்தால் பேசிக்கொண்டே ஏறலாம். 15, 18 சதவீதத்தில் துண்டு துண்டாக வந்தால் மதியத்துக்குள் தொடை செத்துவிடும்.

மூன்றாவது, மழைக்கு அப்புறம் மண் என்ன ஆகிறது என்பது. யாரும் கேட்காத கேள்வி இது, என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமானது. களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த மண்ணைத் திராட்சைக்கு நல்லது என்று தோட்டக்காரர்கள் கொண்டாடுகிறார்கள். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அதே குணம்தான் டயரையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம் காரில்லாமல் போய்ச் சேர முடியுமா, சாப்பாடும் தங்கலும் எப்படி என்ற இரண்டு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சாப்பாடு பெரிய விஷயம், அதையும் சொல்கிறேன்.

## கியாந்தியும் சியேனாவின் தெற்கும்

மண்சாலைதான் வேண்டும் என்றால் பேச்சே இல்லை, இங்கேதான். உள்ளூரில் இந்தச் சாலைகளுக்கு "ஸ்த்ராதே பியாங்கே", அதாவது வெள்ளைச் சாலைகள் என்று பெயர். சுண்ணாம்புக்கல் சரளை போட்டு இறுகிய சாலைகள். வெயிலில் கண் கூசும். ஓட்டி முடித்தால் கால் முட்டிவரை மாவு பூசியதுபோல இருக்கும்.

இந்தச் சாலைகளுக்குத் தார் போட்டுவிடுவார்களோ என்று கவலைப்பட்டு, அவற்றைக் காப்பாற்ற 1997-இல் ஜான்கார்லோ ப்ரொச்சி என்பவர் பழைய சைக்கிள்களுக்காக ஓர் ஓட்டம் தொடங்கினார். பெயர் லெரொய்க்கா. முதல் வருடம் 92 பேர் வந்தார்கள். இன்றைக்கு அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். தொழில்முறை வீரர்களின் ஸ்த்ராதே பியாங்கே பந்தயம் 2007-இல் தொடங்கியதும் அதன் தொடர்ச்சியாகத்தான். நமக்குக் கிடைத்த லாபம் என்னவென்றால், அந்த லெரொய்க்கா பாதைக்கு வருடம் முழுக்க நிரந்தர வழிகாட்டிப் பலகைகள் இருக்கின்றன. காயோலே இன் கியாந்தி என்ற சின்ன ஊரில் தொடங்கிச் சுற்றி அங்கேயே முடியும். 209 கிலோமீட்டர், அதில் ஏறத்தாழ பாதி மண். மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கு மேல். பந்தய நாளில் இதை ஒரே நாளில் முடிக்கிறார்கள். நான் நான்கு நாளாகப் பிரிப்பேன், மூன்று நாள் அவசரம்.

ஏற்றங்கள் வகைவகையாக வரும். ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும் சைப்ரஸ் மரச் சாலை சுகமானது. அந்தக் கோட்டையில் இருந்த பெத்தினோ ரிக்காசோலிதான் 1872-இல் கியாந்தி ஒயினில் எந்தத் திராட்சை எந்த அளவு என்று எழுதி வைத்தவர். மொந்தால்சீனோவுக்கு ஏறுவது நீளமானது, மண்ணிலேயே நிதானமாக ஏறலாம். அஷானோ பக்கத்தில் மொந்தே சாந்தே மரியே என்ற 11.5 கிலோமீட்டர் மண்துண்டு இருக்கிறது. சரளையில் இறங்கி உடனே செங்குத்தாக ஏற வேண்டும், திரும்ப இறங்க வேண்டும். ஸ்த்ராதே பியாங்கே பந்தயத்தை மூன்று முறை வென்ற ஃபாபியான் கான்செல்லாராவின் பெயரை அந்தத் துண்டுக்குத்தான் வைத்திருக்கிறார்கள். சியேனா நெருங்கும்போது வரும் லெ தொல்ஃபே ஏற்றம் 18 சதவீதம் தொடும். அது சின்னதுதான், ஆனால் உட்கார்ந்துகொண்டே ஏற வேண்டும். எழுந்து மிதித்தால் பின்சக்கரம் சரளையில் வழுக்கிவிடும்.

இனி அந்த மண். சியேனாவுக்குத் தென்கிழக்கே கிரேத்தே செனேசி என்ற களிமண் மேட்டுநிலம் இருக்கிறது. ஒரு ஏப்ரல் மாதம், இரவு முழுக்க மழை பெய்து காலையில் நல்ல வெயில். வெள்ளைச் சாலை பாதி காய்ந்திருந்தது, ஓட்டவும் முடிந்தது. அப்போது கையில் இருந்த வரைபடம் காட்டிய குறுக்கு வழியை நம்பி வயல் நடுவே திரும்பினேன். 400 மீட்டர்தான். நூறு மீட்டர் போவதற்குள் சக்கரம் நின்றுவிட்டது. டயருக்கும் அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க் என்ற கவைக்கும் நடுவில் விரல் போகும் இடத்தைக் களிமண் அடைத்துக்கொண்டது. தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்றால் சைக்கிள் இரண்டு மடங்கு கனம். ஒரு ஆலிவ் குச்சியை ஒடித்துச் சுரண்டினேன். சாம்பல் நிறத்தில், பானை வனையக் குழைத்து வைத்ததுபோல வழவழப்பு, நடுநடுவே வைக்கோல் துணுக்கு. பத்தடி நடந்தால் திரும்ப அடைத்துக்கொள்ளும். அந்த 400 மீட்டருக்கு 50 நிமிடம் ஆயிற்று. கடைசியில் பொறுமை இழந்து ஒரு மிதி அழுத்தி மிதித்தேன். பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சின்ன அலுமினியக் கொக்கி வளைந்துவிட்டது. அன்றைய பயணம் அதோடு முடிந்தது.

அதற்கப்புறம் இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். மழை பெய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் பலகை போட்ட சாலையை விட்டு வயல் வழிக்குள் இறங்குவதில்லை. பல தலைமுறையாகக் கல் போட்டு இறுக்கிய சாலை தண்ணீரை வடித்துவிடும், வயல்வழி வடிக்காது. இரண்டாவது, அந்த அலுமினியக் கொக்கி ஒன்றைக் கூடுதலாகப் பையில் வைத்துக்கொள்கிறேன். அது ஒவ்வொரு சைக்கிள் மாடலுக்கும் வேறு வேறு, கிராமத்துக் கடையில் கிடைக்காது.

வெயில் காலத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. கிரேத்தேயில் நிழல் கிடையாது. ஜூலையில் 35 டிகிரியைத் தாண்டும் வெயிலில் அந்த வெள்ளைச் சாலை கீழிருந்தும் சுடும். நம் ஊர் வெயில் பழக்கம் என்ற தைரியம் இங்கே எடுபடாது. நம் ஊரில் யாரும் பகல் ஒரு மணிக்கு மொட்டை மேட்டில் சைக்கிள் மிதிப்பதில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை, அப்புறம் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை நல்லது. லெரொய்க்கா நடக்கும் வார இறுதியில் மட்டும் காயோலே பக்கம் அறை கிடைக்காது.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு மூன்றில் இதுதான் நல்ல இடம். ரொட்டியும் பீன்ஸும் கீரையும் சேர்த்து வேகவைத்த ரிபொல்லீத்தா, பூண்டுத் தக்காளிச் சாறில் பீச்சி என்ற தடித்த நூடுல்ஸ் எல்லாம் எங்கேயும் கிடைக்கும். உப்பில்லாத ரொட்டி முதல் நாள் ஏமாற்றும், இரண்டாம் நாள் பழகிவிடும்.

காயோலேக்கு ரயில் இல்லை. ஃப்ளோரன்ஸிலிருந்து சியேனாவுக்கு ரயிலில் வந்து, அங்கிருந்தே பாதையில் சேர்ந்துகொள்ளலாம். பாதை ஒரு வட்டம்தானே, காயோலேயில்தான் தொடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. புவோன்கொன்வெந்தோவிலும் அஷானோவிலும் ரயில் நிலையம் இருப்பதால் நடுவில் முடியாமல் போனால் தப்பிக்கவும் வழி உண்டு.

## லாங்கே

ஆல்பா ஊரைச் சுற்றியிருக்கும் மலைகள். பரோலோ, பார்பரெஸ்கோ என்ற ஒயின்களும் அதே பெயருள்ள ஊர்களும் இங்கேதான். லாங்கே, ரோவேரோ, மொன்ஃபெர்ராத்தோ திராட்சை நிலக்காட்சியை 2014-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. கண்ணுக்கு மூன்றில் இதுதான் அழகு என்பேன். அக்டோபர் காலையில் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம், மேலே லா மோர்ரா, காஸ்தில்யோனே ஃபல்லெத்தோ என்ற ஊர்கள் தீவுகள்போல மிதக்கும். நெப்பியோலோ என்ற திராட்சையின் பெயரே பனிமூட்டத்துக்கான இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது என்று உள்ளூரில் சொல்வார்கள்.

ஆனால் கிராவல்காரராக உண்மையைச் சொல்ல வேண்டும். பரோலோ பகுதியில் மண்சாலை துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. நிலம் அவ்வளவு விலை உயர்ந்தது, ஒவ்வொரு அடியிலும் கொடி. கொடி வரிசைகளுக்கு நடுவே போகும் வழிகள் பெரும்பாலும் டிராக்டருக்காகப் போட்டவை. சில பொது வழி, சில தனியார் வழி, சில ஒரு கொட்டகையில் போய் முட்டி நிற்கும். இங்கே ஒரு நாள் ஓட்டம் என்றால் வண்டி குறைந்த தார்ச்சாலையில் பெரும்பகுதி, நடுநடுவே சில கிலோமீட்டர் மண். மண்ணும் சுண்ணாம்புக் களி கலந்தது, மழை பெய்தால் ஏறத்தாழ கிரேத்தே கதைதான்.

ஏற்றம் ஒழுங்காக இருக்கும். பரோலோவிலிருந்து லா மோர்ராவுக்கு 200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், தார்ச்சாலை வழியாகவே போனால் புதியவர்களும் நிதானமாக ஏறிவிடலாம். அப்படி ஏறினால் உச்சியில் ஒரு சதுக்கம், காபி, கீழே பாதி பியெமொந்தே தெரியும். வழியில் ஆளைவிடப் பெரிய மர பெஞ்சுகள் தென்படும். பி.எம்.டபிள்யூவில் கார் வடிவமைத்த கிறிஸ் பாங்கிள் 2010-இல் க்ளவெசானாவில் முதல் பெஞ்சை வைத்தார், இப்போது மலைக்கு மலை இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாமல் தொங்கும். குழந்தையோடு போகிறவர்கள் பாதையையே இந்த பெஞ்சுகளை வைத்துப் போடலாம்.

நிஜமான மண் வேண்டுமென்றால் தெற்கே ஆல்த்தா லாங்கா பக்கம் ஏற வேண்டும். அங்கே கொடி குறைந்து ஹேசல்நட் தோப்பும் காடும் வரும், பாதை கரடாகும், ஆள் நடமாட்டம் குறையும். 896 மீட்டர் உயரத்தில் மொம்பர்காரோ இருக்கிறது, வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து கடல் தெரியும் என்பார்கள். ஆல்த்தா லாங்கா வழியாகப் பார்பரெஸ்கோவையும் பரோலோவையும் இணைக்கும் "பார் டு பார்" என்ற பாதை மலைச் சைக்கிளுக்குத்தான் சரி. கிராவல் சைக்கிளில் போனால் அங்கங்கே இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

டூரினிலிருந்து ஆல்பாவுக்கு உள்ளூர் ரயில் இருக்கிறது. வெள்ளை ட்ரஃபிள் என்ற மண்ணுக்கடியில் விளையும் காளானுக்குச் சந்தை நடக்கும் அக்டோபர், நவம்பரில் அறை வாடகை எகிறும், அழகும் அதே மாதங்களில்தான். சைவக்காரர்கள் கவனிக்க வேண்டும்: ப்ளின் என்ற பூரணம் வைத்த குட்டி ரவியோலி பாஸ்தாவுக்குள் பெரும்பாலும் இறைச்சி, தயாரின் நூடுல்ஸ் மாவு முழுக்க முட்டை மஞ்சள் கரு. முட்டை சாப்பிடாதவர்களுக்கு இரவு உணவு சீஸும் காய்கறியுமாகச் சுருங்கிவிடும்.

## புரொசெக்கோ மலைகள்

வெனிஸுக்கு வடக்கே கோனெலியானோவுக்கும் வால்தொப்பியாதெனேவுக்கும் இடையே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் முதுகெலும்புபோல வரிசையாக நிற்கும் குறுகிய குன்றுகள். புரொசெக்கோ என்ற நுரை ஒயினுக்கான திராட்சை விளைவது இங்கேதான். 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அதே பகுதியில் 2023 அக்டோபரில் கிராவல் சைக்கிள் உலக சாம்பியன்ஷிப் நடந்து பியேவே தி சொலீகோவில் முடிந்தது. ஆண்களில் மத்தேய் மொஹோரிச்சும் பெண்களில் கத்தார்சினா நியேவியாதோமாவும் வென்றார்கள். ஆண்கள் தூரம் 169 கிலோமீட்டர். உலக சாம்பியன்ஷிப் நடத்தும் அளவுக்கு மண்பாதை உள்ள இடம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இங்கே நன்மை என்னவென்றால் ஒரே இடத்தில் இரண்டு வகை நிலம். தெற்கே பியாவே ஆற்றோரம் தட்டையான சரளைப் பாதைகள். யாரும் ஓட்டலாம், மழை பெய்தாலும் கூழாங்கல்லில் தண்ணீர் இறங்கிவிடும். வடக்கே குன்றுகளில் கொடியும் காடும் மாறி மாறி வரும், அதனால் கோடையிலும் நிழல் உண்டு. ரெஃப்ரொன்தோலோவில் பாறையோடு ஒட்டிக் கட்டிய பழைய தண்ணீர் ஆலை ஒன்று இருக்கிறது. அருவிச் சத்தத்தில் ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்ட அந்த அரைமணி நேரம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

கஷ்டமும் இதே குன்றுகள்தான். நீளமாக ஏறுவதே இல்லை. செங்குத்தாக 80 மீட்டர், இறக்கம், திரும்பச் செங்குத்து. ஜீரோ தீத்தாலியா என்ற இத்தாலியின் பெரிய சைக்கிள் பந்தயத்தில் வரும் கா தெல் போஜ்ஜோ சுவர் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்தான், ஆனால் சராசரியே 12 சதவீதத்துக்கு மேல், உச்சமாக 19. அது தார்ச்சாலை. மண்ணில் இருக்கும் ஏற்றங்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, திருப்பத்தில் திடீரென்று முளைக்கும். முதல் முறை போனபோது ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த சைக்கிளில் கியர்ச் சக்கரத்துக்கு முன்னால் 42 பல், பின்னால் மிகப் பெரியதே 34 பல். முன்னால் பல் குறைந்து பின்னால் கூடினால்தான் ஏறுவது சுலபம். கேட்டபோது "இதுவே போதும்" என்றார்கள். முதல் நாளிலேயே ஐந்து முறை இறங்கித் தள்ளினேன். இந்த மலைகளுக்கு முன்னால் 40, பின்னால் 44 பல்லாவது வேண்டும். முன்பதிவுக்கு முன்பே பல் எண்ணிக்கையை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போய்ச் சேருவது மூன்றில் இங்கேதான் எளிது. வெனிஸிலிருந்து உதினே போகும் ரயில் பாதையில் கோனெலியானோ இருக்கிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம். நிலையத்தை விட்டு வெளியே வந்து சைக்கிளில் ஏறினால் அரைமணியில் கொடிகளுக்கு நடுவே இருக்கலாம். மழை மட்டும் மற்ற இரண்டு இடங்களைவிட அதிகம், கோடையில் மாலை இடிமழை சகஜம். சாப்பாட்டில் பொலெந்தா என்ற சோளமாவுக் களி, காளான், சீஸ் என்று சமாளிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | கியாந்தி, சியேனா தெற்கு | லாங்கே | புரொசெக்கோ மலைகள் |
|---|---|---|---|
| மண்சாலை | நிறைய, பலகையோடு | துண்டு துண்டாக | ஆற்றோரம் நிறைய, குன்றில் கலந்து |
| ஏற்றம் | நீளமும் செங்குத்தும் கலந்து | நீளம், ஒழுங்கு | குட்டை, மிகச் செங்குத்து |
| மழைக்குப் பின் | சாலை சரி, வயல்வழி ஆபத்து | களி, வழுக்கல் | ஆற்றோரம் நல்லது |
| நிழல் | குறைவு | நடுத்தரம் | நல்லது |
| ரயில் | சியேனா வரை | ஆல்பா வரை | கோனெலியானோ, மிக எளிது |
| சைவச் சாப்பாடு | நல்லது | கஷ்டம் | சமாளிக்கலாம் |
| டயர் | 40 மி.மீ., முடிந்தால் 45 | 35 முதல் 40 | 40 |

## கணக்கில் வராத செலவுகள்

சொந்த சைக்கிளை விமானத்தில் கொண்டுபோனால் பெட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்து பல நேரம் நான்கு நாள் வாடகையைத் தொட்டுவிடும். அதோடு பெட்டியை எங்கே வைப்பது என்ற பிரச்சினை வேறு. ஒரு வாரத்துக்குக் குறைவு என்றால் வாடகைதான் நல்லது. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நான் எப்போதும் வாடகையைத்தான் சொல்வேன். சொந்த இருக்கையும் பெடலும் மட்டும் பையில் கொண்டுவந்தால் போதும். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இருப்பவர்கள் சைக்கிள் இடம் முன்பதிவு செய்து ரயிலில் போகலாம். இத்தாலிக்குள் உள்ளூர் ரயில்களில் சிறு கட்டணத்தில் சைக்கிளை அப்படியே ஏற்றலாம், அதிவேக ரயிலில் பிரித்துப் பைக்குள் போட்டால்தான் விடுவார்கள்.

தோட்ட வீடுகளில் ஜூலை, ஆகஸ்டில் பல இடங்கள் ஒரு வாரத்துக்குக் குறைந்து அறை தருவதில்லை. தினம் ஓர் ஊர் என்று நகர்கிறவர்களுக்கு இது சிக்கல். மூட்டையை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும் சேவைக்குத் தனிக் காசு.

ஒயின் வாங்குவதற்கும் மறைமுக விலை உண்டு. ஒரு புட்டி ஒன்றரைக் கிலோ வரும். இரண்டு வாங்கிப் பையில் போட்டால் அடுத்த ஏற்றத்தில் தெரியும். இத்தாலியில் குடித்து வண்டி ஓட்டும் சட்டம் சைக்கிளுக்கும் பொருந்தும், வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம். நான் ருசி பார்ப்பதைச் சைக்கிளை நிறுத்திவிட்டு மாலையில்தான் வைத்துக்கொள்கிறேன். இறக்கத்தில் சரளை, கையில் பிரேக், தலையில் ஒயின், மூன்றும் சேரக் கூடாது.

செப்டம்பர் மூன்றாவது ஞாயிறு முதல் ஜனவரி கடைசி வரை வேட்டைக் காலம். தோஸ்கானா காடுகளில் பன்றி வேட்டை நடக்கும், பளிச்சென்ற சட்டை போட்டுக்கொள்ளுங்கள். செவ்வாயும் வெள்ளியும் வேட்டைக்குத் தடை, காட்டுப் பாதைகளை அந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம். கிராமத்துக் கடைகள் மதியம் மூன்று மணி நேரமாவது மூடிவிடும், அதனால் சாப்பாட்டைக் காலையிலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

ஓரளவு ஓட்டிப் பழகியவர், ஒரு வாரம் இருக்கிறது, மண்ணில்தான் ஓட்ட வேண்டும் என்றால் தோஸ்கானா. தனியாகப் போகிறவருக்கும் அதுதான், வழி தவறினால் பலகை சொல்லும்.

ஜோடியில் ஒருவர் வேகம், ஒருவர் நிதானம், சாப்பாடும் ஊரும் பார்ப்பதும் ஓட்டத்துக்கு இணையாக முக்கியம் என்றால் லாங்கே. அங்கே மிதிக்க மோட்டார் உதவும் மின்சைக்கிள் (இ-பைக்) ஒன்றும் சாதாரண சைக்கிள் ஒன்றும் எடுத்தால் சண்டையே வராது. ஆனால் மண்சாலை ஆசையோடு மட்டும் போனால் இரண்டாம் நாளே மனம் சலித்துவிடும்.

மூன்று நாள்தான் இருக்கிறது, கார் இல்லை, அல்லது கோடையில்தான் லீவு கிடைக்கிறது என்றால் புரொசெக்கோ மலைகள். முதல் முறை கிராவல் ஓட்டுகிறவருக்கும் பியாவே கரை நல்ல தொடக்கம்.

ஸ்டுட்கார்ட் தம்பதிக்கு நான் சொன்னது புரொசெக்கோ மலைகளை. இரண்டு நாள் ஆற்றோரம் இருவரும் சேர்ந்து, மூன்றாம் நாள் அவர் மட்டும் குன்றுகளில், அவர் மனைவி ரயிலில் வெனிஸுக்கு, மாலை கோனெலியானோவில் சந்திப்பு. மே இரண்டாம் வாரத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். நேற்று அவர் அனுப்பிய செய்தியில் ஒரே ஒரு வரி: "அண்ணா, கடைக்காரரிடம் பல் எண்ணிக்கை கேட்டுவிட்டேன், 40-க்கு 44."